மாணவர் கைக்கு வந்த ராட்சத யந்திரம்

ஒரு மாணவன் காலேஜ் லைப்ரரிக்குள் நுழைகிறான். அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள். ஒன்றை எடுக்கிறான். புரட்டுகிறான். பிடிக்கவில்லை. வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கிறான். "எதற்காக எடுத்தாய்?" என்று யாரும் அவனைக் கேட்பதில்லை. "இதனால் உனக்கு என்ன லாபம், எழுதிக் கொடு" என்று எவரும் மிரட்டுவதில்லை.

கம்ப்யூட்டரையும் இப்படியே மாணவர்களுக்குத் திறந்து விட்டால் என்ன?

இன்று இது ஒரு கேள்வியே அல்ல. சட்டைப் பையில் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு திரிகிறோம். ஆனால் 60 ஆண்டுகளுக்கு முன்னால் அப்படிக் கேட்பதற்குத் தைரியம் வேண்டும். கேட்டவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் கணக்கு வாத்தியார்கள்!

ஒருவர் ஜான் கெமெனி. மற்றவர் தாமஸ் கர்ட்ஸ். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹானோவர் என்று ஒரு சிற்றூர். அங்கே 1769ல் தொடங்கிய டார்ட்மவுத் காலேஜில் அவர்கள் பாடம் நடத்தி வந்தார்கள்.

கெமெனி சாமானியர் அல்ல. ஹங்கேரி நாட்டில் புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஐரோப்பாவில் யூதர்களுக்கு ஆபத்து சூழ்ந்த நேரம். 1940ல் குடும்பம் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. அப்போது அவர் சிறு பையன். பிறகு கணிதம் படித்து, படிக்கும் காலத்திலேயே ஐன்ஸ்டீனிடம் கணக்கு உதவியாளராக இருந்தார். "ஐன்ஸ்டீனுக்கு எதற்குக் கணக்கு உதவியாளர்?" என்று நீங்கள் கேட்கலாம். மேதைகளுக்கும் கணக்கைச் சரிபார்க்க ஆள் வேண்டியிருக்கிறது!

இரும்புப் பெட்டி

அந்த நாளில் கம்ப்யூட்டர் என்பது ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் ராட்சத யந்திரம். விலையோ மலை போல. அதைத் தொட்டு இயக்கத் தனி ஆட்கள். மற்றவர்கள் கிட்டே போக முடியாது. கணக்குப் போட வேண்டுமானால் அட்டைகளில் துளை போட்டு, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். விடை வரக் காத்திருக்க வேண்டும். ஓர் அட்டையில் ஒரு புள்ளி தவறிவிட்டாலும் போச்சு! திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

டார்ட்மவுத்துக்கு அந்த வசதி கூடக் கிடையாது. பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள எம்.ஐ.டி. என்ற பெரிய கல்வி நிலையத்தில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. 200 கிலோமீட்டருக்கு மேல் தூரம். கர்ட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? அட்டைகளை ஓர் இரும்புப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரெயில் ஏறினார். அங்கே போய்க் கொடுப்பார். விடையை வாங்குவார். தப்பு இருந்தால் திருத்துவார். மறுபடி கொடுப்பார். ஒரு முழு நாள் போய்விடும். வாத்தியார் பாடே இப்படி என்றால், மாணவன் கம்ப்யூட்டரை எங்கே பார்ப்பது?

1959ல் டார்ட்மவுத் ஒரு சிறிய கம்ப்யூட்டரை வாங்கியது. மேஜை அளவுதான் இருக்கும். அதை மாணவர்களிடம் விட்டுப் பார்த்தார்கள். தேர்ந்த நிபுணர்கள்தான் செய்ய முடியும் என்று கருதப்பட்ட வேலைகளைப் பையன்கள் சீக்கிரமே செய்து காட்டினார்கள். கெமெனியும் கர்ட்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் அவர்கள் கவலை கணக்குப் படிப்பவர்களைப் பற்றி அல்ல. அந்தக் காலேஜில் நாலில் ஒரு பங்கு மாணவர்கள்தான் விஞ்ஞானமும் என்ஜினீயரிங்கும் படித்தார்கள். மற்றவர்கள் சரித்திரம், இலக்கியம், பொருளாதாரம் என்று படித்தார்கள். நாளைக்கு வக்கீலாகவும் முதலாளியாகவும் அதிகாரியாகவும் வரப் போகிறவர்கள் அவர்கள்தான். கம்ப்யூட்டரை எங்கே வைக்கலாம், எதற்கு வைக்கலாம் என்று உத்தரவு போடப் போகிறவர்களும் அவர்களே. அவர்கள் அதைத் தொட்டே பார்க்காவிட்டால்?

நம் ஊர் வாத்தியார்

இங்கே ஒரு சிறு விலகல். லைப்ரரி அலமாரியைத் திறந்து வைப்பது கூட ஆதி காலத்திலிருந்து இருந்த வழக்கம் அல்ல. புத்தகத்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். சிப்பந்தி உள்ளே போய் எடுத்து வருவார். எந்தப் புத்தகம் வேண்டும் என்று தெரியாதவன் எதையும் கேட்க முடியாது. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். 1924ல் நூலகராகப் பொறுப்பு ஏற்று, இங்கிலாந்து போய்ப் பல நூலகங்களைப் பார்த்துத் திரும்பியவர். படிக்க வருகிறவனின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. அதற்கு முன்பு அவர் பிரசிடென்சி காலேஜில் என்ன வேலை பார்த்தார்? அவரும் கணக்கு வாத்தியார்தான்!

ஒரே சர்வர், பத்து மேஜை

ஹானோவருக்குத் திரும்புவோம். ஒரு கம்ப்யூட்டரை நூறு மாணவர்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது எப்படி?

ஓட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை சர்வர் அவர் பக்கத்திலேயே நின்றால், மற்றவர்கள் வாசலில் பசியோடு நிற்க வேண்டியதுதான். நல்ல சர்வர் அப்படிச் செய்வதில்லை. இந்த மேஜைக்கு இட்லி வைப்பார். அவர் சாப்பிடும் நேரத்தில் அந்த மேஜைக்குக் காப்பி கொடுப்பார். திரும்பி வந்து சாம்பார் ஊற்றுவார். கம்ப்யூட்டரும் அப்படியே. ஒருவன் விரலால் ஓர் எழுத்தைத் தட்டி அடுத்த எழுத்தைத் தேடுவதற்குள் அது மற்றவர்களின் கணக்கைக் கொஞ்சம் கொஞ்சம் பார்த்துவிடும். ஒவ்வொருவனும் யந்திரம் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொள்வான். இந்த முறையை அவர்களுக்குச் சிபாரிசு செய்தவர் எம்.ஐ.டி.யில் இருந்த ஜான் மெக்கார்த்தி.

அமெரிக்க அரசின் தேசிய விஞ்ஞான நிறுவனத்திடம் பண உதவி கேட்டார்கள். "இந்த வேலையைச் செய்யப் போகிறவர்கள் யார்?" என்ற கேள்வி வந்தது. "எங்கள் பி.ஏ. மாணவர்கள்!" பரிசீலித்தவர்களில் சிலருக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் பணம் கிடைத்தது.

1964 பிப்ரவரியில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் யந்திரங்கள் வந்து இறங்கின. மாணவர்கள் இரவும் பகலும் அதோடு மல்லுக்கட்டினார்கள். மே 1ந்தேதி அதிகாலை 4 மணி. ஊர் தூங்குகிறது. இரண்டு டைப் யந்திரங்களில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் "ரன்" என்று அடித்தார்கள். ரன் என்றால் ஓடு. இரண்டிலும் சரியான விடை வந்து விழுந்தது!

கம்ப்யூட்டருக்குப் புரிகிற பாஷையும் புதிதாகச் செய்தார்கள். அதன் பெயர் பேசிக். பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் சில ஆங்கிலச் சொற்கள்தான் அதில் இருந்தன. வேலை தொடங்க "ஹலோ" என்று அடித்தால் போதும். முடிந்தால் "குட்பை". யந்திரத்தோடு இவ்வளவு மரியாதையாகப் பேசலாம் என்பதே பலருக்குப் புதுமை.

அந்த ஆண்டே முதல் வருஷ மாணவர்கள் பேசிக்கில் எழுதத் தொடங்கினார்கள். இரண்டு மூன்று வகுப்புகளில் சொல்லிக் கொடுப்பார்கள். அப்புறம் போய்ச் செய் என்று விட்டுவிடுவார்கள். கட்டணம் கிடையாது. காரணம் கேட்பது கிடையாது. டெலிபோன் கம்பி மூலம் உயர்நிலைப் பள்ளிகளும் சேர்ந்துகொண்டன.

சும்மா விட்டால் பையன்கள் என்ன செய்வார்கள்? விளையாடினார்கள்! அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைக் கூடக் கம்ப்யூட்டரில் ஆடினார்கள். கெமெனி கோபிக்கவில்லை. பயம் போக விளையாட்டைவிட நல்ல மருந்து ஏது என்பது அவர் கட்சி. லைப்ரரியில் கதைப் புத்தகம் வைப்பதில்லையா? அவர் சொன்னது சரி என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். எல்லோருக்கும் திறந்த கதவு என்றார்கள். ஆனால் அப்போது டார்ட்மவுத்தில் பெண்களைச் சேர்ப்பதே இல்லை. 1970ல் கெமெனி காலேஜின் தலைவர் ஆனார். அவர் காலத்தில், 1972ல்தான், அங்கே பெண்கள் படிக்க வந்தார்கள். தலைவர் ஆன பிறகும் அவர் வகுப்பு எடுப்பதை நிறுத்தவில்லை.

1980களில் காலம் மாறியது. மாணவர்கள் சொந்தமாகச் சிறு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். விடுதி அறை ஒவ்வொன்றுக்கும் கம்பி இழுத்தார்கள். லைப்ரரியின் புத்தகப் பட்டியலும் அந்தக் கம்பி வழியே கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கெமெனி 1992ல் காலமானார். இரும்புப் பெட்டி சுமந்த கர்ட்ஸ் 96 வயது வரை இருந்து, 2024 நவம்பரில் மறைந்தார்.

அவர்கள் செய்த பேசிக் பாஷை நம் நாட்டுக்கும் வந்தது. 1984ல் மத்திய அரசு பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் தொடங்கியபோது, பிள்ளைகள் கற்றது அதைத்தான். உங்கள் வீட்டில் அந்த நாளில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன மாமாவோ அத்தையோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 10, 20, 30 என்று எண் போட்டதைச் சொல்வார்கள். 1, 2, 3 என்று போடாமல் ஏன் பத்துப் பத்தாகத் தாண்டினார்கள்? நடுவில் ஒரு வரி மறந்துபோனால், எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டாம். 15 என்று எண் போட்டு அடித்தால் போதும். அது தானாகவே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.