குளிர்காலத்தில் மோட்டார் வண்டியின் அதிர்வொலியை அடக்குதல்

கோயிலிலே சேமக்கலம் ஒலிக்கும்பொழுது அதன் விளிம்பைக் கையாற் பற்றினால் ஓசை உடனே அடங்கிவிடும். மோட்டார் வண்டியின் கதவு, தரை, கூரை ஆகியவற்றிலுள்ள மெல்லிய உருக்குத் தகடுகளும் ஒருவகைச் சேமக்கலங்களே. சில்லு உருளும்போதும் மழை பெய்யும்போதும் அவை அதிர்ந்து ஒலிக்கின்றன. அவற்றைப் பற்றும் கையாக அமைவதே அதிர்வடக்கும் விரிப்பு.

இவ்விரிப்புப் பெரும்பாலும் பியூட்டைல் இறப்பராலானது. மேலே அலுமினியத் தாள் போர்த்தது. இவ்விறப்பர் நம் நாட்டு மரப்பாலில் விளைவதன்று. பெற்றோலியத்திலிருந்து பெறும் பொருள்களால் 1937ஆம் ஆண்டில் ஆக்கப்பெற்ற செயற்கைப் பொருள். தகடு அதிரும்போது அலுமினியத்துக்கும் உருக்குக்கும் இடையே அகப்பட்ட இறப்பர் இழுபட்டு நெளிகின்றது. அதிர்வின் சக்தி சிறு வெப்பமாக மாறி ஒழிகின்றது. ஆகவே விரிப்பு முற்றாக ஒட்டாத இடத்திற் பயனில்லை.

இங்கேதான் குளிர் குறுக்கிடுகின்றது. நுவரெலியாவில் தை மாதத்து விடியற்காலையில் வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதுண்டு. அக்குளிரிற் பசை இறுகிவிடும். வழவழப்பாகத் தோன்றும் உருக்கிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உள. இளகிய பசை அவற்றுட் பாய்ந்து படியும். இறுகிய பசையோ மேடுகளின்மேல் மாத்திரம் தங்கும். ஒட்டியதுபோலத் தோன்றிய விரிப்பு, சில நாள் வெயிலும் குலுக்கமும் கண்டபின் கூரையிலிருந்து கழன்று நம் தலைமேற் தொங்கும்.

பலர் விரிப்பை மாத்திரம் சூடாக்குவர். அது பாதி வேலையே. குளிர்ந்த உருக்கு அச்சூட்டைக் கணத்தில் உறிஞ்சிவிடும். இரண்டும் 20 பாகையளவில் இருத்தல் நன்று. விரிப்பை முதல்நாளிரவே வெப்பமான அறையில் வைத்து, வண்டியை உச்சிவெயிலில் நிறுத்திவிட்டுத் தொடங்குவதே செலவற்ற வழியென்பேன். வெயிலில்லையேல் மின்சார வெப்பக்காற்றுக் கருவி உதவும்; தகடு உள்ளங்கைக்கு இதமாக இருந்தாற் போதும். அதற்குமுன் பனியீரத்தைத் துடைத்து, எண்ணெய்ப் பசையை மதுசாரம் தோய்த்த துணியால் நீக்கி, நன்றாக உலரவிடுக. மதுசார ஆவி எளிதில் தீப்பற்றும். பின்னர் விரிப்பை ஒட்டி, அலுமினியத்திலுள்ள புடைப்புக் கோலம் தட்டையாகும்வரை உருளையால் அழுத்துக.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். குளிரைப் போக்கவென்று மூடிய கொட்டகையிற் கரியடுப்பு மூட்டுவதோ, இயந்திரத்தை ஓடவிடுவதோ கூடாது. அவற்றிலிருந்து வெளிப்படும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலைச்சுற்றல் என்று எண்ணியிருக்கும்போதே உயிரைக் கவர்ந்துவிடும். பெற்றோல் தாங்கியின் அருகே தீச்சுவாலை எதுவும் ஆகாது.

தார் விரிப்பு விலை குறைந்தது. ஆயினும் குளிரில் வளைக்கும்போது வெடிக்கும், கீழ்நாட்டு வெக்கையில் நாறும்.

தகடு முழுவதையும் மூடவேண்டியதில்லை. நடுப்பகுதியில் நாலிலொரு பங்கு ஒட்டினாலே முழக்கம் பெரிதும் தணியும். கதவின் அடியிலுள்ள சிறு துளைகளை மாத்திரம் அடைத்துவிடாதீர்கள். கண்ணாடி வழியே உள்ளிறங்கும் மழைநீர் அவற்றினூடாகவே வெளியேறுகின்றது. அடைபட்டால் நீர் தேங்கிக் கதவு துருப்பிடிக்கும்.