மீட்கப்பட்ட இசைத்தட்டுகள், மீளாத உரிமைகள்

நினைவைப் போற்றக் கூடியிருக்கும் இந்த அரங்கில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல், ஃபங்க் இசைத்தட்டுகள் தொலைந்ததையும் மீட்கப்பட்டதையும் பற்றிப் பேசுகிறோம். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர் இயக்கம் தன் பெயரைக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. அந்தச் சிறுத்தைகள் களத்தில் நின்ற காலத்தில் அவர்களுடைய மக்கள் பாடிய, ஆடிய இசை இது.

தேவாலயப் பாட்டின் உருக்கத்தை அன்றாட வாழ்வின் பாட்டுக்குள் கொண்டுவந்தது சோல். எல்லாக் கருவிகளையும் தாளக் கருவிபோல் வாசிக்க வைத்தது ஃபங்க். டெட்ராய்டின் மோடவுன், மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் ஆகிய நிறுவனங்களை உலகம் அறியும். ஆனால் நகரந்தோறும் சிறிய நிறுவனங்களும் இருந்தன. கொஞ்சம் பிரதிகளை அச்சிட்டு, உள்ளூர் வானொலியையும் கடைகளையும் நம்பி வாழ்ந்தவை அவை. வானொலி ஒலிபரப்பாவிட்டால், விற்ற பணம் திரும்பி வராவிட்டால், நிறுவனம் மூடப்படும். மூல ஒலிநாடாக்கள் பரணிலோ குப்பையிலோ போய்ச் சேரும். பாடியவர்கள் வேறு வேலை தேடிப் போவார்கள்.

1970களில் இந்தத் தட்டுகளை வெறியோடு தேடியவர்கள் வட இங்கிலாந்தின் தொழிலாளி வர்க்க இளைஞர்கள். விகன் கேசினோ போன்ற அரங்குகளில் விடிய விடிய ஆடினார்கள். அந்த அன்பு உண்மையானது. ஆனால் அங்கே ஒரு பழக்கமும் இருந்தது. போட்டியாளர் அதே தட்டைத் தேடிப் பிடித்துவிடக் கூடாதென்று, இசைத்தட்டு ஓட்டுநர்கள் அதன் மேல் காகிதம் ஒட்டிப் பெயரை மறைத்தார்கள். வேறு பெயரையும் சொன்னார்கள். ஃபிராங்க் வில்சன் 1965இல் மோடவுனுக்காகப் பாடிய பாடல் எடி ஃபாஸ்டர் என்ற பெயரில் ஒலித்தது. அதன் மிக அரிய மூலப் பிரதி ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கு விலைபோனது. பழைய தட்டு கைமாறும்போது பணம் விற்றவருக்குப் போகும். பாடியவருக்குச் சல்லிக்காசு சேராது.

அடுத்து வந்தது சாம்பிளிங். பழைய பதிவின் ஒரு துண்டை வெட்டிப் புதிய பாட்டில் சேர்க்கும் முறை அது. 1969இல் ‘தி வின்ஸ்டன்ஸ்’ குழு வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ பாட்டில் கிரிகரி கோல்மன் சில விநாடிகள் டிரம்ஸ் மட்டும் வாசித்தார். ஆயிரக்கணக்கான ஹிப்ஹாப், ஜங்கிள் பாடல்கள் அந்தத் துண்டின்மேல் கட்டப்பட்டன. கோல்மன் 2006இல் வறுமையில் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் திரட்டிய சுமார் 24,000 பவுண்டு கிடைத்தது. உரிமையாக வந்திருக்க வேண்டியது நன்கொடையாக வந்தது.

வேறு வழியும் உண்டு. ஓஹையோவின் கொலம்பஸ் நகரில் பில் மாஸ் என்ற வானொலி அறிவிப்பாளர் நடத்திய கேப்சோல் நிறுவனம் 1970களிலேயே முடங்கிப்போனது. சிகாகோவின் நியூமெரோ குரூப் 2004இல் தன் முதல் வெளியீடாக அந்தப் பாடல்களைத் தொகுத்தது. தட்டின் பின்னால் இருந்த மனிதர்களைத் தேடி, அவர்களுடைய கதையையும் படங்களையும் சேர்த்து அச்சிடுவது அதன் முறை. ‘நான் கறுப்பன் என்பதாலா’ என்று 1969இல் பாட்டிலேயே கேட்டவர் சில் ஜான்சன். 2010இல் அதே நிறுவனம் கொண்டுவந்த அவருடைய பெருந்தொகுப்பு இரண்டு கிராமி பரிந்துரைகளைப் பெற்றது. அதைக் காண அவர் உயிரோடு இருந்தார். தன் பதிவுகளைக் கேளாமல் எடுத்தவர்கள்மீது வழக்குத் தொடுக்கவும் அவர் தயங்கவில்லை.

அமெரிக்கச் சட்டமும் இங்கே கைகொடுக்கவில்லை. 15 பிப்ரவரி 1972க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்குக் கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டத்தில் இடமில்லை; மாநிலச் சட்டங்களே கதி. 2018இல்தான் இந்நிலை மாறியது. பாட்டை எழுதியவரின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு என்பதையும் மறக்கக் கூடாது. பதிவின் உரிமை பெரும்பாலும் நிறுவனத்திடமே இருந்தது. தாளம் கொடுத்தவர் ஒருநாள் கூலியோடு வீடு திரும்பினார்.

‘கண்டெடுத்தோம்’ என்ற சொல்லை நாம் எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். பாடியவருக்கு அந்தப் பாட்டு தொலையவே இல்லை. அவரிடம் யாரும் போய்க் கேட்கவில்லை. ஆகவே எந்த மறுவெளியீடு கைக்கு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். வாசித்த ஒவ்வொருவர் பெயரும் அச்சாகியிருக்கிறதா? ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திட்டார்? பணம் யார் வீட்டுக்குப் போகிறது? மூன்றுக்கும் பதில் இருந்தால் அது மீட்பு. இல்லாவிட்டால், முதலில் பறித்ததையே இரண்டாம் முறையும் பறிப்பதாகும்.