ஓடாத ஆலைக்கும் மின்கட்டணம்

ஜவ்வாது மலையின் முதன்மையான விளைச்சல்களுள் ஒன்று சாமை. ஜமுனாமரத்தூர்ப் பகுதியில் சாமையின் உமி நீக்கும் சிறு ஆலை ஒன்றின் மின்கட்டண விவரத்தை அண்மையில் பார்த்தேன். அறுவடைக்குப் பிந்தைய மாதங்களில்தான் அந்த ஆலைக்கு வேலை. ஆனால், இயந்திரம் ஓடாத மாதங்களிலும் கட்டணம் விதிக்கப்பட்டிருந்தது. மீட்டரில் பழுது என்றே உரிமையாளர் எண்ணியிருந்தார்.

பழுது ஏதுமில்லை. பயன்படுத்திய யூனிட்டுகளுக்கான தொகை ஒருபுறமிருக்க, அனுமதிக்கப்பட்ட மின்பளுவின் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மாதந்தோறும் நிலைக் கட்டணம் உண்டு. 5 கிலோவாட் போதுமான ஆலைக்கு 10 கிலோவாட் பெற்றிருந்தால், ஆண்டு முழுவதும் இருமடங்கு நிலைக் கட்டணம் செலுத்த நேரிடும். தேவைக்கு மிஞ்சிய மின்பளுவைக் குறைக்கக் கோரி விண்ணப்பிக்கலாம்.

கட்டணப் பிரிவும் கவனிக்கத்தக்கது. கடைகளுக்கு 5-ஆம் பிரிவு. பொதுவான தொழிற்கூடங்களுக்கு 3பி. குடிசைத் தொழில், குறுந்தொழில்களுக்கு 3ஏ1. இம்மூன்றில் கட்டணம் குறைந்தது 3ஏ1. 12 கிலோவாட்டுக்குக் குறைவான மின்பளு கொண்ட சிறு தொழில்களை 3பி-யிலிருந்து 3ஏ1-க்கு மாற்றுவதென 2023-இல் தமிழக அரசு முடிவெடுத்தது. தமது இணைப்பு எந்தப் பிரிவில் உள்ளது என்பதை ஆலை நடத்துவோர் ஒருமுறை சரிபார்ப்பது நன்று.

எனினும், பொறுப்பு முழுவதையும் அவர்கள்மீது சுமத்துவது முறையன்று. பருவத்துக்கேற்ப மின்பளுவைக் கூட்டவும் குறைக்கவும் எளிய வழி மலைக்கிராமத்துச் சிறு ஆலைக்கும் கிட்ட வேண்டும். ஓடாத ஆலையின் கட்டணம் இறுதியில் உழவர் தரும் அரவைக் கூலியில்தான் வந்து சேர்கிறது.