கையில் லைம் ஜூஸ், எதிரே கோல்ஃப் திடல்

தேர்வு முடிந்த இரவு. நண்பர்கள் மதுக்கூடத்துக்கு அழைத்தபோது தயங்கினேன். நான் மது அருந்துவதில்லை. ஓரமாக உட்கார நேருமோ என்ற கவலை.

அங்கே பெரிய திரையில் கோல்ஃப் திடல் விரிந்திருந்தது. திரையை நோக்கிப் பந்தை அடித்தால் அதன் வேகம், கோணம், சுழற்சி ஆகியவற்றைக் கேமராக்கள் அளக்கின்றன. பந்து எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கணினி காட்டுகிறது. நிலம் குறைந்த சிங்கப்பூரில் மரினா பே பொதுக் கோல்ஃப் திடல் 2024ல் மூடப்பட்டது. இங்கோ ஓர் அறைக்குள் 18 குழிகள்!

என் முதல் வீச்சு பந்தைத் தொடவே இல்லை. எல்லாரும் சிரித்தனர், நானும்தான்.

என் கையில் இருந்த லைம் ஜூஸை யாரும் கவனிக்கவில்லை. ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒத்திகை பார்த்த பதில்கள் தேவைப்படவே இல்லை.

உங்கள் குழுவிலும் மது அருந்தாதவர் இருக்கலாம். சேர்ந்து விளையாட ஏதேனும் உள்ள இடத்துக்கு அவரை அழையுங்கள்.