குழந்தை வண்டிக்கும் ஓர் இடம்

லண்டனின் புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2ஆம் தேதி 13 பேர் கூடி 5 கிலோமீட்டர் ஓடினார்கள். பால் சின்டன்-ஹெவிட் ஏற்பாடு செய்த அந்தச் சிறிய ஓட்டம்தான் பின்னாளில் பார்க்ரன் ஆனது. இன்று பிரிட்டனில் நூற்றுக்கணக்கான பூங்காக்களிலும், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, சிங்கப்பூர் எனப் பல நாடுகளிலும் சனிக்கிழமைதோறும் காலையில் நடக்கிறது. கட்டணம் கிடையாது, நடத்துபவர்கள் எல்லோரும் தொண்டர்கள். இந்த ஓட்டங்களில் கூட்டத்தின் பின்பகுதியைக் கவனித்தால், மூன்று சக்கர ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு ஓடும் அம்மாவோ அப்பாவோ அடிக்கடி கண்ணில் படுவார்கள். உள்ளே ஒன்றரை வயதோ இரண்டு வயதோ ஆன குழந்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு வரும், அல்லது தூங்கும். 'ஓடுகிற இடத்தில் குழந்தைக்கு என்ன வேலை?' என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது. எல்லா ஓட்டங்களுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். ஊர்கூடி ஓடும் குறுகிய தூர ஓட்டத்தில் ஸ்ட்ரோலருக்கு இடம் தர வேண்டும். பல்லாயிரம் பேர் நெருக்கியடித்து ஓடும் மாரத்தானில் தரக் கூடாது. இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்க உதவும் அளவுகோல் குழந்தையின் நலனே தவிர, ஓடுபவரின் ஆசையோ மற்றவர்களின் எரிச்சலோ அல்ல.

வண்டி எப்படிப்பட்டது?

முதலில் வண்டியைப் பற்றித் தெளிவு வேண்டும். கடைத்தெருவுக்கு எடுத்துப்போகும் மடக்கு வண்டி ஓடுவதற்கானது அல்ல. ஓவன் மெக்லாரன் என்ற பிரிட்டிஷ் விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கரப் பகுதியை வடிவமைத்த அனுபவத்தோடு, 1965இல் அலுமினியத்தில் உருவாக்கிய வடிவம் அது. எடை குறைவு, சுருக்கி மடக்கலாம், பேருந்தில் ஏற்றலாம். ஆனால் அதன் சிறிய சக்கரங்கள் ஓட்ட வேகத்தில் ஆட்டம் காணும். ஒரு சிறு கல் போதும், வண்டி குப்புறச் சாய்ந்துவிடும். ஓடுவதற்கென்றே ஒரு வண்டி வந்தது 1984இல். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், யாக்கிமா ஊரைச் சேர்ந்த பத்திரிகையாளர் ஃபில் பேஷ்லர், குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஓட விரும்பி, சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தி அதைச் செய்தார். இன்றைய ஓட்ட ஸ்ட்ரோலர்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். காற்றடைத்த பெரிய சக்கரங்கள், அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங், நேராகப் பூட்டக்கூடிய முன்சக்கரம், தோள், இடுப்பு, கால் இடுக்கு என ஐந்து இடங்களில் பிடிக்கும் பெல்ட், ஓடுபவரின் மணிக்கட்டையும் வண்டியையும் இணைக்கும் வார் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். இவை இல்லாத வண்டியோடு வருபவரைத் தொடக்கக் கோட்டிலேயே நிறுத்துவதில் தவறே இல்லை.

நல்ல வண்டியாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், 2018இல் ஒரு முன்னணி ஸ்ட்ரோலர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. சட்டென்று கழற்றி மாட்டும் வசதியுள்ள முன்சக்கரம், ஓடும்போதே கழன்றுவிடுகிறது என்பது குற்றச்சாட்டு. குழந்தைகளும் பெரியவர்களும் காயமடைந்த புகார்கள் ஏராளமாகக் குவிந்திருந்தன. சக்கரத்தைச் சரியாக இறுக்காததுதான் காரணம் என்றது நிறுவனம். சரியாக இறுக்கப்படாமல் இருப்பது எளிதாக நேரக்கூடிய வடிவமைப்பே குறைபாடு என்றது ஆணையம். அதே ஆண்டின் இறுதியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். முன்சக்கரத்தையும் காற்றழுத்தத்தையும் பெல்ட்டையும் ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுச் சோதிப்பது, காலணிக் கயிறு கட்டுவதைப் போல ஓட்டத்தின் பகுதியாகவே ஆகிவிட வேண்டும்.

குழந்தைக்கு என்ன ஆகும்?

எதிர்ப்புகளில் வலுவானது குழந்தையைப் பற்றியதுதான். கழுத்து நிற்காத பச்சிளங்குழந்தையை வைத்து ஓடவே கூடாது. இதில் இரண்டாவது பேச்சு இல்லை. குறைந்தது 6 மாதம் ஆகட்டும் என்பது பொதுவான அறிவுரை. 8 மாதம் வரை காத்திருக்கச் சொல்லும் உற்பத்தியாளர்களும் உண்டு. நடக்கப் பழகிய குழந்தைக்கு இந்தக் கவலை தீர்ந்துவிடுகிறது, ஆனால் வேறொன்று முளைக்கிறது. ஓடியாட வேண்டிய வயதில் கட்டிப்போட்டு உட்காரவைப்பது சரியா? உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்காக 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு நேரடியாகவே பதில் தருகிறது. ஒன்று முதல் நான்கு வயது வரையான குழந்தைகள் நாளுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும். ஸ்ட்ரோலரிலோ உயர நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டுண்டிருக்கக் கூடாது. இந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் எல்லைக்கோடாகக் கொள்கிறேன். 5 கிலோமீட்டரை மெதுவாக ஓடுபவரும் 40 நிமிடத்தில் முடித்துவிடலாம். 10 கிலோமீட்டர் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அரை மாரத்தானும் மாரத்தானும் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கோட்டுக்கு அப்பால்தான். கனடாவைச் சேர்ந்த கேலம் நெஃப், 2016இல் டொராண்டோ வாட்டர்ஃபிரண்ட் மாரத்தானைத் தன் குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளியபடி ஏறக்குறைய 2 மணி 31 நிமிடத்தில் முடித்து, கின்னஸ் சாதனை படைத்தார். வியக்க வேண்டிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் மற்ற பெற்றோர் பின்பற்றுவதற்கான முன்மாதிரி அதுவல்ல.

தட்பவெப்பமும் இங்கே வந்துசேர்கிறது. ஓடுகிறவருக்கு வியர்க்கும்போது, அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு எதிர்க்காற்றில் குளிரலாம். பெற்றோர் தம் உடம்பை வைத்துக் குழந்தையின் நிலையைக் கணிக்க முடியாது. வெயில் காலத்தில் நிழலுக்கென்று வண்டியை உலர்ந்த துணியால் மூடினால், காற்றோட்டம் தடைபட்டு உள்ளே வெப்பம் தேங்கிவிடும். ஓடும்போது பிஸ்கட் துண்டைக் கையில் கொடுத்து அமைதிப்படுத்துவதும் ஆபத்து. தொண்டையில் சிக்கினால் பின்னாலிருந்து தள்ளுபவருக்குத் தெரியவே தெரியாது. குழந்தை அழுதால் நின்றுவிட வேண்டும், நேரம் போனால் போகட்டும் என்ற மனநிலையோடு வருபவருக்குத்தான் இந்த ஓட்டம். கடிகாரத்தைப் பார்த்து ஓட நினைப்பவர், அன்றைக்கு மட்டும் குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு வருவதே நல்லது.

மற்றவர்களுக்கு இடைஞ்சலா?

அடுத்த எதிர்ப்பு, கூட்டத்தில் ஏற்படும் இடைஞ்சல். வண்டியின் முன்சக்கரம் தள்ளுபவருக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் முன்னால் போகிறது. முன்னே ஓடுபவரின் குதிகாலில் அது இடித்தால் இருவருக்குமே அடி. பாஸ்டன், நியூயார்க் மாரத்தான்களில் ஸ்ட்ரோலருக்குத் தடை இருப்பது இதனால் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அந்தத் தடையை அப்படியே எடுத்துவந்து பூங்கா ஓட்டத்தின் மேல் போர்த்துவது சோம்பேறித்தனம். அமெரிக்காவில் சியாட்டில் பசிபிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் 16 பேரை ஸ்ட்ரோலரோடும் இல்லாமலும் 800 மீட்டர் ஓடவைத்து அளந்தார்கள். இரண்டு கையால் தள்ளுவது, ஒரு கையால் தள்ளுவது, முன்னே தள்ளிவிட்டுப் பின்தொடர்வது என மூன்று முறைகளையும் சோதித்தார்கள். வண்டியோடு ஓடும்போது வேகம் குறைந்தது, காலடி நீளம் சுருங்கியது. ஆனால் இதயத் துடிப்பிலும் செலவான ஆற்றலிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதாவது, அதே உழைப்புக்கு வேகம் குறைவாகவே கிடைக்கிறது. முடிவுப் பட்டியலில் ஸ்ட்ரோலர்காரருக்கு அநியாய ஆதாயம் கிடைத்துவிடும் என்ற வாதம் இதோடு விழுந்துவிடுகிறது. அவர் எங்கே நிற்க வேண்டும் என்பதும் இதிலேயே தெளிவாகிறது. எவ்வளவு வேகக்காரராக இருந்தாலும் கடைசி வரிசைதான். கூட்டம் கலைந்து பாதை திறந்தபின், இடம் பார்த்து, குரல் கொடுத்துவிட்டு முந்தலாம். குறுகலான வளைவுகளும் படிகளும் சேறும் உள்ள பாதை என்றால் அந்த இடத்தில் மட்டும் 'ஸ்ட்ரோலர் வேண்டாம்' என்று சொல்லிவிடலாம்.

இந்த இடத்தில் சிலர் ஹோய்ட் தந்தை மகனை நினைவுபடுத்துவார்கள். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த ரிக் ஹோய்ட்டைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளியபடி, அப்பா டிக் 1977இல் முதன்முதலாக ஓடினார். பாஸ்டன் மாரத்தானில் அவர்களுக்கு முதலில் எளிதில் இடம் கிடைக்கவில்லை. தகுதி நேரத்தை ஓடிக் காட்டித்தான் அதிகாரபூர்வமாக நுழைந்தார்கள். மொத்தம் 32 முறை அங்கே ஓடினார்கள். 2013இல் தொடக்கக் கோட்டுக்கு அருகே அவர்களுக்கு வெண்கலச் சிலையும் எழுந்தது. விதி என்பது மாற்ற முடியாத கல்வெட்டு அல்ல என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் ஸ்ட்ரோலருக்கு ஆதரவாக இதை அப்படியே பயன்படுத்த நான் தயங்குகிறேன். ஓட வேண்டும் என்று கேட்டது ரிக். அவர் பயணி அல்ல, போட்டியாளர். இரண்டு வயதுக் குழந்தை அப்படி எதையும் கேட்கவில்லை. அதனால்தான் குழந்தையின் சார்பில் தூரத்துக்கும் நேரத்துக்கும் வரம்பு வைக்க வேண்டியிருக்கிறது.

வீட்டிலேயே இருந்தால் என்ன?

இவ்வளவு நிபந்தனை போட்டு அனுமதிப்பதற்குப் பதிலாக, குழந்தை கொஞ்சம் வளரும்வரை பெற்றோர் ஓடாமல் இருந்தால் என்ன என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலின்படி, பிரசவத்துக்குப் பிந்தைய பெண்களுக்கும் வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சி தேவை. பிரசவம் முடிந்து குறைந்தது மூன்று மாதம் கழித்து, உடல் தேறியதை உறுதிசெய்துகொண்டு ஓட்டத்துக்குத் திரும்பலாம் என்பது பிரிட்டனின் இயன்முறை மருத்துவர்கள் 2019இல் தொகுத்த வழிகாட்டி. உடல் தயாராகிவிடும், கை காலியாக இருக்காது. பாட்டியும் சித்தியும் பக்கத்துத் தெருவில் இருக்கும் வீட்டில் இது பிரச்சினையே அல்ல. லண்டனிலோ சிங்கப்பூரிலோ சொந்தபந்தம் இல்லாமல் குடும்பம் நடத்துபவர்களுக்கும், ஒற்றைப் பெற்றோருக்கும் ஒரு மணி நேரத்துக்குக் குழந்தையை ஒப்படைக்க ஆள் தேடுவது பெரும் பாடு. கணவனும் மனைவியும் வாரம் மாற்றி வாரம் ஓடலாமே என்பதும் காகிதத்தில் அழகாக இருக்கும் யோசனை. வீடுகளில் விட்டுக்கொடுப்பது யார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பந்தய விதிகளை எழுதுபவர்களின் மனத்தில் குழந்தை இல்லாத ஓர் ஓட்டக்காரர்தான் இருக்கிறார். சோஃபி பவர் என்ற பிரிட்டிஷ் வீராங்கனை 2018இல் ஆல்ப்ஸ் மலையின் யுடிஎம்பி நெடுந்தூர ஓட்டத்தில், மூன்று மாதக் குழந்தைக்கு வழியில் பால் கொடுக்கும் படம் உலகம் முழுக்கப் பரவியது. காயம்பட்டவர் தன் இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம், கர்ப்பிணிக்கு அந்தச் சலுகை கிடையாது என்று அப்போது இருந்த விதியின் விளைவு அது.

சமூக ஓட்டம் வேகத்துக்கான களம் மட்டும் அல்ல என்பதை அதை நடத்துபவர்களே உணர்ந்திருக்கிறார்கள். பார்க்ரன் 2024 பிப்ரவரியில் தன் இணையதளத்திலிருந்து வேகச் சாதனைப் பட்டியல்களை எடுத்துவிட்டது; நடப்பவர்களையும் வெளிப்படையாகவே வரவேற்கிறது; எல்லோருக்கும் பின்னால் வர ஒரு தொண்டரையே நியமிக்கிறது. நடப்பவருக்காகக் காத்திருக்கும் ஓட்டம், குழந்தையைத் தள்ளுபவருக்காகக் காத்திருக்க முடியாதா? பதிலுக்கு ஸ்ட்ரோலர்காரரும் ஒன்று செய்ய வேண்டும். அனுமதி இல்லாத ஓட்டத்தில் 'வந்துவிட்டோம், யார் தடுப்பார்' என்று வண்டியை நுழைக்கக் கூடாது. காப்பீட்டுச் சுமையும் பொறுப்பும் நடத்துபவர் தலையில்தான் விழும். நடத்துபவர் செய்ய வேண்டியது எளிது. பணம் கட்டி, எண் வாங்கி, கோட்டுக்கு வந்தபின் 'வண்டி ஆகாது' என்று சொல்லாமல், பதிவுப் படிவத்திலேயே மூன்று கேள்விகளுக்கு விடை தந்துவிட வேண்டும்: ஸ்ட்ரோலர் உண்டா, எப்படிப்பட்ட வண்டி, எந்த இடத்திலிருந்து புறப்பட வேண்டும். இந்த மூன்றையும் எழுத மறந்த ஓட்டம், குழந்தை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லாமலே 'வராதே' என்று சொல்லிவிடுகிறது.