பிளவுண்ட அண்ணமும் மேல்தாடையின் வளர்ச்சியும்

கருவின் முகம் உருவாகும்போது, இரு பக்கங்களிலிருந்து வளரும் திசுக்கள் நடுப்பகுதியுடன் கூடி மேலுதடாகின்றன. பன்னிரண்டாவது வாரத்திற்குள் அண்ணமும் ஒட்டிவிடுகிறது. இவ்விணைப்பு தடைப்படின் உதடோ, அண்ணமோ, இரண்டுமோ பிளவுண்ட நிலையில் குழந்தை பிறக்கும். உலகில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்றில் இக்குறை காணப்படுகிறது. இது கிரகணத்தின் விளைவு என்று நம் நாட்டிற் பலர் கருதுவதற்கு ஆதாரம் ஏதுமில்லை.

வாயைச் சுற்றியுள்ள வளையத் தசை, வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையைப் போல மேல்தாடையின் வளைவை வெளியிலிருந்து அணைத்து நிற்கிறது. உள்ளிருந்து நாக்கு தள்ளுகிறது. இவ்விரு விசைகளின் சமநிலையில்தான் பல்வரிசை அமைகிறது. உதடு பிளவுபடும்போது வளையம் அறுகிறது. தசையின் முனைகள் மூக்கின் அடிப்பகுதியிற் பற்றி இழுப்பதால், பிளவுண்ட தாடையின் பெரிய துண்டு வெளிப்புறமாகத் திரும்புகிறது. சிறிய துண்டு பின்தங்குகிறது. குழந்தைக்குச் சில மாதங்கள் நிரம்பியதும் உதட்டைத் தைத்து வளையத்தை மீட்டால், அத்தசையின் அழுத்தமே துண்டுகளை அருகே கொணர்ந்துவிடுகிறது.

அண்ணத்தின் நிலை இத்துணை எளிதன்று. எலும்பின்மேலுள்ள சவ்வைப் பெயர்த்து நடுவிற் சேர்த்துத் தைப்பதே பழைய முறை. அவ்வாறு செய்கையில் இருபுறமும் எலும்பு வெறுமையாகிறது. அங்கு உண்டாகும் தழும்பு சுருங்கிப் பற்களை உள்நோக்கி இழுக்கிறது. மேல்தாடையின் முன்வளர்ச்சியையும் தடுக்கிறது. கீழ்த்தாடைக்கோ இத்தடையில்லை. ஆகவே வளரிளம் பருவத்தில் முகத்தின் நடுப்பகுதி குழிந்து, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னே நிற்கலாம். கடித்து உண்பதும் கடினமாகும்.

இக்குறை பிளவினால் வந்ததா, மருத்துவர் கையினால் வந்ததா? விடை இலங்கையிற் கிடைத்தது. அறுவை சிகிச்சையே பெறாது வளர்ந்தவர்களை ஆராய்ந்த மைக்கேல் மார்ஸும் ஹூஸ்டனும், அவர்களது மேல்தாடை பெரும்பாலும் இயல்பாகவே முன்னோக்கி வளர்ந்திருந்ததை 1990-இல் வெளியிட்டனர்.

அவ்வாறாயின் சிகிச்சையைத் தள்ளிப் போடலாமே எனத் தோன்றும். ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஷ்வெக்கென்டீக் 1944 முதல் அதையே செய்தார். மென்னண்ணத்தை மட்டும் முதலில் தைத்து, வன்னண்ணத்தின் துளையைத் தகட்டால் மூடிப் பல ஆண்டுகள் காத்திருந்தார். தாடை நன்கு வளர்ந்தது, பேச்சுத்தான் கெட்டது. காற்று மூக்கின் வழியே கசிய, சொற்கள் தெளிவற்றுப் போயின. இதனை 1984-இல் வெளியான மதிப்பீடு காட்டிற்று. பேசப் பழகும் வயது காத்திராது. எனவே இன்று பல மருத்துவமனைகளில் 9 முதல் 18 மாதங்களுக்குள் அண்ணம் தைக்கப்படுகிறது. எலும்பை இயன்றவரை வெறுமையாக்காத முறைகளே விரும்பப்படுகின்றன.

எஞ்சும் குறையைப் பின்னர்த் திருத்துகின்றனர். கோரைப்பல் முளைக்குமுன், பெரும்பாலும் 8 முதல் 11 வயதிற்குள், இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத்துகளை ஈற்றுப் பிளவில் நிரப்புவர். பல் அதனூடே இறங்கி வரும். அதன் பின்னரும் மேல்தாடை பின்தங்கியிருப்பின், வளர்ச்சி முற்றும் வரை பொறுத்து, அதனை அறுத்து முன்னே நகர்த்திப் பொருத்துவர்.