கிளட்ச் பிளேட்டா, கிளட்ச் ஆயிலா? கொல்லிமலை ஏறும் பழைய பிக்கப்புக்கு ஒரு பரிசோதனை

நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலம் பக்கம் போனீங்கன்னா, கொல்லிமலையிலிருந்து மிளகு, காபி, பலா, அன்னாசி ஏத்திக்கிட்டு இறங்குற பிக்கப் வண்டிகளைப் பார்க்கலாம். காரவள்ளி அடிவாரத்துலேருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி இறங்கினா 140. சிட்டி சிக்னல்ல கிளட்ச் சொதப்பினா பின்னாடி ஹாரன் அடிப்பாங்க, அவ்வளவுதான். இந்த மலை இறக்கத்துல கியர் விழாம வண்டி நியூட்ரல்ல ஓடிச்சுன்னா, என்ஜின் பிடிமானம் போயிடும். மொத்த பாரமும் பிரேக் மேல விழும்.

அதனால இன்னைக்கு ஹைட்ராலிக் கிளட்ச் பத்திப் பேசலாம்னு நினைச்சேன். விஷயம் எளிமையானது. பெடலை மிதிச்சா மேலே இருக்கிற மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அது குழாய் வழியா கியர் பாக்ஸ் பக்கத்துல இருக்கிற ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகும். அங்கிருந்து ஒரு ராடு வெளியே வந்து ஃபோர்க்கைத் தள்ளும். ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டை அமுக்கும். கிளட்ச் பிளேட் விடுபடும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். பாதிப் பிரச்சினை இந்த ஒரு வரியிலேயே இருக்கு.

முதல்ல நோயைப் பிரிச்சுக்கணும். ஆக்சிலரேட்டர் கொடுத்தா என்ஜின் சத்தம் மட்டும் ஏறுது, மேட்டுல வண்டி இழுக்கலன்னா, கிளட்ச் வழுக்குது. பெரும்பாலும் பிளேட் தேய்மானம். கியர் விழ மறுக்குது, ரிவர்ஸ் போட்டா கரகரன்னு கத்துதுன்னா, கிளட்ச் முழுசா விடல. அப்போ ஹைட்ராலிக் பக்கம்தான் முதல்ல பார்க்கணும். என்ஜினை அணைச்சுட்டு கியர் போட்டுப் பாருங்க. அப்போ சுலபமா விழுந்து, ஓடும்போது மட்டும் மறுத்தா, கியர் பாக்ஸை விட கிளட்ச் மேலதான் சந்தேகம்.

அடுத்து பெடல். மெத்துன்னு இருக்கு, ரெண்டு மூணு தடவை வேகமா மிதிச்சா சரியாகுதுன்னா, உள்ளே காற்று இருக்கு, இல்ல ஆயில் குறைஞ்சிருக்கு. மிதிச்சுப் பிடிச்சிருக்கும்போதே வண்டி மெதுவா நகர ஆரம்பிச்சா, வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாம இருந்தாலும், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் ஆயிலைத் திருப்பி விடுதுன்னு சந்தேகப்படலாம்.

ஆயில் குறைஞ்சா அது எங்கேயோ போகுதுன்னு அர்த்தம்; ஊத்தி மட்டும் விட்டுடக் கூடாது. டேஷ்போர்டுக்குக் கீழே பெடல் ராடு ஈரமா இருந்தா மாஸ்டர். ஸ்லேவ் சிலிண்டரோட தூசி ரப்பரை விலக்கினா ஈரமா இருக்கா? அப்போ ஸ்லேவ். சில வண்டிகள்ல பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில் டப்பா. அங்கே மட்டம் குறையுதுன்னா பிரேக்கையும் சேர்த்துப் பார்க்காம மலை ஏறக்கூடாது.

இப்போ முக்கியமான சோதனை. சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வெச்சு, என்ஜினை அணைச்சுடுங்க. ஒருத்தர் பெடலை மிதிக்க, இன்னொருத்தர் ஸ்லேவ் ராடு எவ்வளவு நகருதுன்னு பார்க்கணும். வண்டியின் மேனுவல் சொல்ற அளவு நகரலன்னா கோளாறு ஹைட்ராலிக்ல: காற்று, ரப்பர், இல்ல அழுத்தத்துல உப்புற பழைய ஹோஸ். முழுசா நகர்ந்தும் கிளட்ச் விடலன்னா ஃபோர்க், பேரிங், பிரஷர் பிளேட். அப்போதான் கியர் பாக்ஸை இறக்கணும். இந்தச் சோதனை இல்லாமலே பிளேட் செட் மாத்தினா, வேலையும் காசும் வீணாகி, பழைய கோளாறு அப்படியே நிக்கும்.

காற்றை எடுக்கிறது இப்படி: பெடலை மிதிச்சுப் பிடி, ஸ்லேவ் நிப்பிளைத் திற, குமிழி வரும், நிப்பிளை மூடு, அப்புறம்தான் பெடலை விடு. மூடுறதுக்கு முன்னாடி பெடலை விட்டா காற்று திரும்ப உள்ளே போயிடும். டப்பா காலியாகவும் விடக் கூடாது.

ஆயில் விஷயத்துல மூடியில போட்டிருக்கிற வகைதான், டாட் 3 அல்லது டாட் 4. என்ஜின் ஆயில் ஊத்தினா ரப்பர் உப்பிக் கெட்டுடும். இந்த ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினா அந்த வரம்பு 140. சிலிண்டர் உள்ளேயும் துரு பிடிக்கும். கறுத்துப் போயிருந்தா மாத்திடுங்க.

அடுத்த தடவை யாராவது "கிளட்ச் போயிடுச்சு"ன்னு சொன்னா, "ஸ்லேவ் ராடு எவ்வளவு நகருது?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.